பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

கிடர்பூர், கொல்கத்தா
18 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தைக்கு,

தேவிப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், பி.பி. நூற்று முப்பதுக்கு எண்பது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்தீர்களா, இல்லை நோயாளிகளுக்குச் சொல்வதோடு சரியா?

முதலில் செய்தி. பாஸ்! கல்லூரியில் மூன்றாவது. நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணும் வந்துவிட்டது. இனி யாராவது என்னை ‘ஸ்டூடண்ட்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அப்பாவிடம் சொன்னேன். “சரி” என்றார். பக்கவாதம் வந்த இந்த இரண்டரை வருடத்தில் அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். இட்லி வேண்டுமா என்று கேட்டாலும் அதேதான். ஆனாலும் அன்றைக்குச் சொன்னது கொஞ்சம் நீளமாக இருந்தது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்காதீர்கள். இந்தத் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஒன்றில் அப்பாவின் கட்டில், இன்னொன்றில் அம்மாவின் காது. போனை எடுத்தாலே “ஸ்பீக்கர்ல போடு” என்பாள். அதோடு எனக்குத் தமிழ் எழுத வந்ததே நீங்கள் சின்ன வயதில் போட்ட இன்லண்ட் லெட்டர்களால்தான். வாயைத் திறந்தால் பாதி பெங்காலி வருகிறது. காகிதத்தில்தான் நான் ஒழுங்கான தமிழ்ப் பெண்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருமுனையில் ஒரு நர்சிங் ஹோம் இருக்கிறது. பன்னிரண்டு கட்டில், ஓடாத ஒரு லிஃப்ட். நாளைக்கே வா என்கிறார்கள். அம்மாவுக்கு அதுவே போதும். மதியம் ஓடிவந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போகலாமாம். எனக்குப் போதாது அத்தை. எனக்கு இருதய ஐ.சி.யூ. வேண்டும். முதல் இரண்டு வருடம் எங்கே நிற்கிறோமோ கடைசிவரை அங்கேதான் நிற்போம் என்று எங்கள் சீனியர்கள் சொல்கிறார்கள். அண்ணன் ஸ்ரீநிவாஸ் பெங்களூரிலிருந்து வாழ்த்து அனுப்பினான்: “இனி வீட்லயே நர்ஸ், கவலையே இல்ல.” கூடவே கைதட்டும் பொம்மை வேறு. எனக்கு எரிச்சலாக வந்தது.

நல்ல இடத்தில் வேலை கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும்? உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
தேவிப்ரியா

*

உறையூர், திருச்சி
1 செப்டம்பர் 2023

என் கண்ணு தேவிப்ரியாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். நான் நலம். முட்டி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். தம்பியின் பி.பி.யைக் கேட்டு நிம்மதி. வத்சலாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

மூன்றாவதா? முதலாவது எங்கே போச்சு? சும்மா சொன்னேன். உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆமாம், ஸ்டாஃப் ரூம்தான். மே மாதம் ரிட்டயராகி ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் நாற்காலியிலிருந்து எழுந்தேன், ஜூனில் இங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் துணை முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம்தான் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு, வேலை தேடும் புதிய செவிலியர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். உனக்கு அதே பேச்சு, கைதட்டல் மட்டும் இல்லை. சும்மா உட்காராமல் அந்தத் தெருமுனை நர்சிங் ஹோமிலேயே சேர்ந்துகொள். வேலை தேடுகிறவள் வேலையில் இருக்க வேண்டும். நின்றுபோன இதயத்தை அழுத்தி மீட்கும் பி.எல்.எஸ். பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கு. விண்ணப்பத்தில் ‘கடின உழைப்பாளி’ என்று எழுதாதே, கழுதைகூட அதுதான். வென்டிலேட்டரில் இருந்த எத்தனை பேரைப் பார்த்தாய், எந்த வார்டில் எத்தனை வாரம் நின்றாய், அதை எழுது. ஒரே கடிதத்தை எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பாதே. நேர்முகத்துக்குப் போகும்போது ஷூவைத் துடை. எங்கள் காலத்து மேட்ரன்கள் முகத்துக்கு முன்னால் ஷூவைத்தான் பார்ப்பார்கள்.

பரிந்துரைக்க இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். ஒருவர் கல்லூரி. இன்னொருவர் உன் வேலையைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். மூன்றாம் வருட லீவில் என் வார்டில் இரண்டு மாதம் நின்றாயே, என் பெயரைப் போடு. உறவினரா என்று கேட்டிருந்தால் ஆம் என்று எழுது, ஒளிக்காதே.

கடைசியாக ஒன்று. எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. நம் தொழிலில் காலிக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான்: செய்யவில்லை. ஊசியைப் போட்டிருந்தாலும் எழுதவில்லையென்றால் போடவில்லை.

நீ பெரிய ஆளாக வருவாய்.

அன்புடன்,
விஜயலட்சுமி அத்தை

*

கிடர்பூர்
12 செப்டம்பர் 2023

அண்ணி அவர்களுக்கு,

வத்சலா எழுதுவது. உங்கள் உடம்பு தேவலையா? உங்கள் தம்பி அப்படியே இருக்கிறார். என் இடுப்புதான் அப்படியே இல்லை.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களாம். தேவிப்ரியா சந்தோஷத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னிடம் மறைக்கச் சொன்னது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவருக்கு இப்படி ஆன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “வத்சலா, பொண்ணு படிப்ப நிறுத்தாத. ரெண்டு வருஷம் தாக்குப்பிடி. ரிட்டயர் ஆனதும் நான் வந்து தம்பியப் பாத்துக்கறேன். ஊருக்கெல்லாம் செஞ்சவ, கூடப் பொறந்தவனுக்குச் செய்ய மாட்டேனா?” நான் கேட்கவில்லை அண்ணி, நீங்களாகத்தான் சொன்னீர்கள். ஏப்ரலில் உங்களுக்கென்று ஒரு கட்டில் வாங்கி ஜன்னல் ஓரமாகப் போட்டேன், உங்களுக்குக் காற்று வேண்டுமே என்று. இப்போது அதில் துவைத்த துணி கிடக்கிறது.

அவர் எண்பத்தாறு கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். ஒருத்தியால் முடியாது. இவளோ வெளியூருக்கு எழுதிப் போடப் போகிறேன் என்று குதிக்கிறாள். இந்தக் குடும்பத்தில் இரண்டு நர்ஸ். ஒருத்தர் இங்கே இருந்தாக வேண்டும். நீங்களா அவளா என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் வரமாட்டீர்கள் என்றால் அவள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால் சண்டை, நீங்கள் சொன்னால் வேதம்.

உங்கள் வாக்கைப் பற்றி அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. உங்களை அவள் வைத்திருக்கும் இடம் அப்படி.

வேறு விசேஷம் இல்லை.
வத்சலா

*

உறையூர்
8 அக்டோபர் 2023

அன்புள்ள வத்சலாவுக்கு,

ஆசிகள். பரீட்சை வேலை, உடனே எழுத முடியவில்லை. இடுப்புக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு, குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. திருச்சியில் இந்த வருடம் வெயில் இன்னும் போகவில்லை.

நான் சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். ஆனால் கல்லூரியில் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நடுவில் விட்டுவிட்டு வந்தால் பெயர் கெடும். முட்டியும் சரியில்லை. இதையெல்லாம் காரணம் என்று நீ சொல்லலாம். உண்மையைச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பிறத்தியார் உடம்பைப் புரட்டினேன், வத்சலா. என் வீட்டுக்காரர் காலமான மறுவாரமே டியூட்டிக்குப் போனேன். இப்போதுதான் முதல் தடவையாக எனக்கென்று ஒரு மேசை, கதவில் என் பெயர். நான் உள்ளே போனால் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள்.

தம்பி எனக்கு உயிர். அதில் சந்தேகம் வேண்டாம்.

பிள்ளை விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவளோடு சண்டை போடாதே. அவள் எழுதிப் போடட்டும், தடுக்காதே. எல்லாம் தானாக அடங்கும்.

தம்பிக்குத் திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

விஜயலட்சுமி

*

கிடர்பூர்
29 அக்டோபர் 2023

அன்புள்ள அத்தைக்கு,

சுபோ பிஜயா! பூஜை முடிந்தால் பெரியவர்களுக்கு இப்படிச் சொல்லிக் காலில் விழுவது இங்கே வழக்கம். உங்கள் கால் திருச்சியில் இருப்பதால் காகிதத்திலேயே விழுந்துவிட்டேன். நலமா? நாங்கள் நலம்.

அஷ்டமி அன்று அப்பாவை வீல்சேரில் வைத்துப் பந்தலுக்குக் கூட்டிப் போனோம். மூன்று வருடத்தில் முதல் தடவை. தாக் மேளம் அடிக்கிறவர் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று அடித்தார். அப்பா அழுதுவிட்டார். துறைமுகத்தில் கூட வேலை பார்த்த வேலாயுதம் மாமா அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் கண்ணையும் அதே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். நர்சிங் ஹோமில் சேர்ந்தாயிற்று. பி.எல்.எஸ். சான்றிதழ் கையில். ஷூகூடத் துடைத்து வைத்திருக்கிறேன். சென்னையில் ஒரு மருத்துவமனைக்கும் புவனேஸ்வரில் ஒன்றுக்கும் எழுதியிருக்கிறேன், இரண்டும் இருதயத்துக்கென்றே உள்ளவை. பரிந்துரைப் படிவத்தை உங்கள் மெயிலுக்கு நேராக அனுப்புவார்களாம். வந்ததா? உங்கள் பெயரைப் பார்த்தாலே வேலை கொடுத்துவிடுவார்கள் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஆச்சரியம். அம்மா இரண்டு வாரமாகச் சண்டை போடவில்லை. “எழுதிப் போடு, பாக்கலாம்” என்கிறாள். நீங்கள் ஏதோ சொல்லி மனதை மாற்றிவிட்டீர்கள், இல்லையா? எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் செல்லம்,
தேவிப்ரியா

*

கிடர்பூர்
5 டிசம்பர் 2023

அன்புள்ள அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கடிதத்துக்குப் பதில் வராததால் கேட்கிறேன். இங்கே அனைவரும் நலம்.

சென்னையில் போன வாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுத்துத் தேர்வில் எனக்கு எண்பத்தெட்டு. என்னைவிடக் குறைவாக வாங்கிய என் வகுப்புத் தோழியை எடுத்திருக்கிறார்கள். காரணம் கேட்டேன், ‘ஆவணங்களைப் பரிசீலித்த பிறகு’ என்று ஒரே வரி. புவனேஸ்வரும் அதே பாட்டுதான் பாடுகிறது. என்னிடம் என்ன குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன். அதுதான் தெரியவில்லை.

உங்களுக்கு வந்த படிவம் தவறிப்போய் மெயிலின் குப்பைக் கூடையில் விழுந்திருக்குமோ? கொஞ்சம் பாருங்கள். மூன்றாவதாக ஹைதராபாத்துக்கு எழுதியிருக்கிறேன். இந்த வருடம் இதுதான் கடைசி. நர்சிங் ஹோமில் என்ன செய்கிறேன் தெரியுமா? டிரிப் பாட்டில் மாற்றுகிறேன், டாக்டர் வந்தால் ஃபேன் போடுகிறேன். மதியம் ஓடிவந்து அப்பாவைப் புரட்டுகிறேன். இப்படியே இரண்டு வருடம் போனால் என்னை எந்த ஐ.சி.யூ.வும் உள்ளே விடாது.

தேவிப்ரியா

*

உறையூர்
29 டிசம்பர் 2023

என் கண்ணு தேவிப்ரியாவுக்கு,

ஆசீர்வாதம். நலமே. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தேன், கூட்டத்தில் செருப்பு போச்சு. கல்லூரியில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், மூச்சுவிட நேரமில்லை.

வந்த படிவங்களை எல்லாம் அன்றன்றே அனுப்பிவிட்டேன். உன் வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஏன் இப்படி அவசரப்படுகிறாய்? அனுபவம் ஐ.சி.யூ.வில்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது? பக்கவாத நோயாளியை மூன்று வருடம் ஒரு படுக்கைப்புண் இல்லாமல் வைத்திருப்பது லேசான காரியமா? என் மாணவிகளில் பத்துப் பேருக்கு அது வராது. நோயாளி வீட்டிலேயே இருக்கிறார், கற்றுக்கொள்ள ஆயிரம் இருக்கிறது. கிடைத்த இடத்தில் காலை ஊன்று. மற்றது வரும்போது வரும்.

பொங்கலுக்குப் புது மஞ்சள் அனுப்புகிறேன்.

அத்தை

*

கிடர்பூர்
12 பிப்ரவரி 2024

அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஹைதராபாத் மருத்துவமனை இங்கேயே ஒரு ஹோட்டலில் நேர்முகம் நடத்தியது. எடுத்தவர் அங்கே செவிலியர் பிரிவின் தலைவர், வித்யாலக்ஷ்மி என்று பெயர், நம் ஊர்க்காரர். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். ஈ.சி.ஜி. தாளைக் கொடுத்தார், படித்தேன். கடைசியில் சாதாரணமாகக் கேட்டார். “அப்பாவ இப்ப யாரும்மா பாத்துக்கறாங்க?”

என் விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?” என்று கேட்டேன். கோப்பைத் திறந்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். “இத உனக்கு நான் காட்டக் கூடாது. நான் போய் டீ எடுத்துட்டு வரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

படிவம் இங்கிலீஷ்தான். கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. என் வேலை நேர்த்தியானது என்று எழுதியிருந்தீர்கள். நேரம் தவறாதவள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதன் கீழே: ‘படுக்கையில் இருக்கும் தந்தையைக் கவனிக்கும் பொறுப்பு இவருக்கு உள்ளது.’ அதற்கும் கீழே, இவரைப் பரிந்துரைக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. அங்கே நீங்கள் எதுவும் எழுதவில்லை.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரிதான். காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

மேடம் டீயோடு வந்தார். நான் அழவில்லை. “மத்தவங்களும் இதத்தான் படிச்சிருப்பாங்க. பத்து நாள் தரேன். உன் வேலையப் பாத்தவங்க வேற யாராவது இருந்தா எழுதி வாங்கிட்டு வா” என்றார்.

இறுதியாண்டில் இருதய வார்டில் எனக்கு மேலே இருந்த சீனியர் சிஸ்டர் ரீனா-தியிடம் போனேன், இங்கே அக்காவை ‘தி’ என்பார்கள். ஒரு கையில் ஊசித் தட்டு, இன்னொரு கையில் பேனா. “எய்டுகு? தே!” இவ்வளவுதானா, கொடு என்று வாங்கி, நின்றபடியே எழுதினார். ‘ஆம்’ என்ற கட்டத்தில் அவர் போட்ட டிக் கோடு தாண்டி வெளியே போயிருந்தது. அவருக்கு நான் யாருமில்லை. என் அப்பா பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள்தான் உங்களிடம் சொல்லிச் செய்ய வைத்தாள் என்று நினைத்தேன். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். நீங்கள் அக்டோபரில் எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் கொடுத்த வாக்கும், அந்தக் கட்டில் யாருக்காக வாங்கியது என்பதும் அவள் சொல்லி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “நான் அவங்க வரணும்னுதான் எழுதினேன். உன் வழிய அடைக்கச் சொல்லல” என்றாள். துணியை மடிக்க ஆரம்பித்தவள், “இல்ல, அதையும்தான் சொன்னேன்” என்றாள். அம்மாவை என்னால் மன்னிக்க முடிகிறது. அவள் கேட்டதை ஒளிக்கவில்லை. அவள் இடுப்பு ஒடிந்துதான் கேட்டாள்.

உங்களுக்கு ஒரு மேசை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது கோபம் வரவில்லை, அத்தை. எனக்கும் அதுதானே வேண்டும்? வரமாட்டேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் இடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, வேலை தேடுவது எப்படி என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள்.

தேவிப்ரியா

*

கிடர்பூர்
20 மார்ச் 2024

அத்தைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது, இருதய ஐ.சி.யூ. நாளை மறுநாள் ஹவுராவில் ரயில். பகலுக்கு ஆயா சென்டரிலிருந்து ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறேன், செலவு அண்ணனுடையது. ஆயா போன பிறகு அம்மா மட்டும்தான்.

டியூட்டி முடிந்தால் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நர்ஸ் வார்டை விட்டுப் போக வேண்டும். இந்தக் குடும்பத்தில் அடுத்த நர்ஸ் நீங்கள்தான். ஆகவே ஒப்படைக்கிறேன்.

நோயாளி: முத்துகிருஷ்ணன், வயது 57. இடதுபக்க மூளையில் பக்கவாதம், வலதுகை, வலதுகால் செயலில்லை.

புரட்டுதல்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இடம், மல்லாக்க, வலம். இரண்டு பேர் தேவை. இழுக்கக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும்.

தோல்: முதுகின் அடி எலும்பு, இரண்டு குதிகால். இதுவரை புண் இல்லை. சிவந்தால் அன்றே கவனிக்க வேண்டும்.

உணவு: நிமிர்த்தி உட்கார வைத்து, குழைவாக. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்கச் செய்ய வேண்டும்.

பேச்சு: ‘சரி’ மட்டும். கண்ணைப் பார்த்துச் சொன்னால் சம்மதம். சுவரைப் பார்த்துச் சொன்னால் கோபம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வலி.

மற்றவை: சாயங்காலம் ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும். அப்போது அவர் வாசலைப் பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

நான் போவதைச் சொன்னேன். “சரி” என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஒப்படைத்தவர்: தேவிப்ரியா, பதிவு பெற்ற செவிலியர்.

பெற்றுக்கொண்டவர்: ............................

*

உறையூர்
4 ஏப்ரல் 2024

என் கண்ணு தேவிப்ரியாவுக்கு,

ஆசீர்வாதம். புது இடம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. டியூட்டி ஷூ இறுக்கமாக இல்லாமல் வாங்கு. எனக்கு முட்டியில் ஊசி போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் தேவலை.

நீ அனுப்பிய ஒப்படைப்புத் தாளை நாலு தடவை படித்தேன். என் சர்வீசில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சரி என்பதை மூன்றாகப் பிரித்திருக்கிறாயே, எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. நகல் எடுத்து இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாடம் நடத்தினேன். உன் பெயரையும் தம்பி பெயரையும் மறைத்துவிட்டேன், கவலைப்படாதே.

ஒரு பெண் எழுந்து, “மேடம், பெற்றுக்கொண்டவர்னு இருக்கற எடம் ஏன் காலியா இருக்கு?” என்று கேட்டாள். “அது மாதிரித் தாள்மா, உக்காரு” என்றேன்.

கட்டிலருகே இருக்க வேண்டிய தாள் என்பதால் மூலத்தை வத்சலாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு சந்திப்பிழை இருந்தது, திருத்தியிருக்கிறேன்.

நீ நன்றாக வருவாய் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

அத்தை

*

கிடர்பூர்
25 ஏப்ரல் 2024

தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது.

சாப்பிடுகிறாயா? உன் ஐ.சி.யூ.வில் ரொம்பக் குளிருமாமே, உள்ளே ஸ்வெட்டர் போட விடுவார்களா? நான் இருக்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் தாள் அத்தையிடமிருந்து திரும்பி வந்தது. ஒரு இடத்தில் சிவப்பு மையால் ஒற்றெழுத்து ஒன்று போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. கடைசிவரை தேடினேன், பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

அதனால் நானே போட்டுவிட்டேன். வத்சலா என்று தமிழில். நான் நர்ஸ் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால் யாராவது ஒருத்தர் பெற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும் அல்லவா? அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலை விற்றுவிடலாம் என்று ஸ்ரீநிவாஸ் சொன்னான். வேண்டாம், அதில் இனி நான் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் தெரிகிறது.

போன வாரம் இரண்டு நாள் ஆயா வரவில்லை. தனியாகப் புரட்டினேன். தூக்க முடியவில்லை, இழுத்துவிட்டேன். இன்று காலை துடைக்கும்போது பார்த்தேன், முதுகின் அடியில் எட்டணா அளவுக்குச் சிவந்திருக்கிறது. தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு “சரி” என்றார்.

நீ லீவு போட்டுவிட்டு வர வேண்டாம். உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை, சத்தியமாக. இதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று மட்டும் சொல். காலியாக விடக் கூடாது என்பாயே.

அம்மா